பழைய வாடகைக் கட்டடத்தைப் பங்குதாரர்களின் பணத்தில் புதுப்பிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் புறநகரிலும் 1980களில் கட்டிய வாடகைக் கட்டடங்கள் நிறைய இருக்கின்றன. கீழே நான்கு போர்ஷன், மேலே நான்கு போர்ஷன், பின்னால் கிணறு அல்லது போர்வெல். உரிமையாளருக்கு வயதாகிவிட்டது, கையில் நிலம் இருக்கிறது, பணம் இல்லை. தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் பணம் போடத் தயாராக இருக்கிறார்கள். இந்த நிலையில் இரு தரப்பிலும் எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் கூட்டு ஒப்பந்தம் வேறு விஷயம். அது இங்கே இல்லை.

மொத்தம் எவ்வளவு பணம் தேவைப்படும்?

காண்ட்ராக்டர் சொல்லும் தொகையைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

எட்டு போர்ஷன், ஒவ்வொன்றும் 650 சதுர அடி. இப்போதைய வாடகை தலைக்கு 8,000 ரூபாய், ஆக மாதம் 64,000. தளப் பழுது, பைப், வயரிங், பாத்ரூம், தரை, பெயிண்ட் எல்லாம் சேர்த்து காண்ட்ராக்டர் 45 லட்சம் கேட்கிறார். பழைய கட்டடம் என்பதால் எதிர்பாராத செலவுக்கு 20 சதவீதம், அதாவது 9 லட்சம், ஒதுக்க வேண்டும். வேலை ஏழு மாதம் நடக்கும். அந்த மாதங்களில் வாடகை வராது என்பதால் 4.48 லட்சம் போகும். காலி செய்கிறவர்களுக்கு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்: பழைய வழக்கப்படி பத்து மாத வாடகை என்றால் 6.40 லட்சம். வங்கியில் 25 லட்சம் கடன் எடுத்தால், 10 சதவீத வட்டிக்குப் பத்து வருடத் தவணை மாதம் சுமார் 33,000. ஏழு மாதத்துக்கு 2.31 லட்சம். இன்ஜினியர், சோதனைகள், வக்கீல், பத்திரச் செலவுக்கு 1.81 லட்சம் வையுங்கள்.

கூட்டினால் 69 லட்சம். 45 லட்சம் என்று பேசித் தொடங்கிய வேலை இது.

பலரும் மறப்பது இந்த அட்வான்ஸ் தொகையைத்தான். அந்தப் பணம் பெரும்பாலும் உரிமையாளர் கையில் இருக்காது. மகள் கல்யாணத்துக்கோ மருத்துவத்துக்கோ எப்போதோ செலவாகியிருக்கும். வேலை தொடங்கும் முன்பே 6.40 லட்சம் ரொக்கமாக வேண்டும் என்பது முதல் கூட்டத்திலேயே மேசைக்கு வர வேண்டிய விஷயம்.

போட்ட பணம் வாடகையிலிருந்தே திரும்பிவிடுமா?

பெரும்பாலும் திரும்பாது. பங்குதாரர் தேடுகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

மேலே உள்ள கணக்கையே தொடர்வோம். புதுப்பித்தபின் வாடகை தலைக்கு 15,000 என்று வைத்தால் வருடத்துக்கு 14.40 லட்சம். ஒரு மாத வாடகைக்குச் சமமான காலியிருப்பு 1.20 லட்சம், சொத்து வரி, மோட்டார், டேங்க், சில்லறைப் பழுது 1.60 லட்சம் கழித்தால் 11.60. கடன் தவணை 3.96 போக மிச்சம் 7.64 லட்சம்.

பங்குதாரர்கள் போட்டது 44 லட்சம். அதற்கு 8 சதவீதம் முதலில் எடுத்துக்கொள்வது என்று பேசியிருந்தால் 3.52 லட்சம் அவர்களுக்குப் போகும்; உரிமையாளருக்கு 4.12 லட்சம்தான் மிஞ்சும். புதுப்பிப்பதற்கு முன் அவர் வாங்கிக்கொண்டிருந்தது 7.68, ஒரு லட்சம் செலவு போனாலும் 6.68. ஆக, கட்டடம் பளபளப்பாகிவிட்டது, பெரியவரின் வருமானம் குறைந்துவிட்டது. ஒப்பந்தம் போட்ட இரண்டாம் வருடமே குடும்பத்தில் பேச்சு வார்த்தை நின்றுபோவது இப்படித்தான்.

சென்னையில் குடியிருப்பு வாடகை, சொத்தின் மதிப்போடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. மதிப்பு நிலத்தில் இருக்கிறது. எனவே வெளியாளின் பணத்துக்கு ஈடாக நிலத்தில் ஒரு பாகம் கொடுக்க வேண்டும், அல்லது பணம் எந்தத் தேதியில் எதை விற்றுத் திரும்பும் என்று எழுத வேண்டும். இரண்டும் இல்லாமல் "வாடகையில் பங்கு" என்று மட்டும் பேசும் ஏற்பாட்டில் யாரும் சேராமல் இருப்பதே நல்லது.

அப்படியானால் எந்தக் கணக்கு ஓடும்?

நிலம் 4,800 சதுர அடி, அதாவது இரண்டு கிரவுண்டு. சதுர அடி 6,000 என்றால் 2.88 கோடி. பழைய கட்டடத்துக்கு 12 லட்சம். மொத்தம் 3 கோடி. புதிதாக வரும் 44 லட்சத்தையும் சேர்த்தால் 3.44 கோடி, அதில் 44 லட்சம் என்பது 12.8 சதவீதம். கிட்டத்தட்ட எட்டில் ஒரு பாகம், அதாவது ஒரு போர்ஷன்.

எனவே தனி லாபம், முன்னுரிமை வட்டி என்று எதுவும் வைக்காமல், ஒரு போர்ஷனும் அதற்குரிய எட்டில் ஒரு பிரிபடாத பாகமும் (நிலத்தில் தனியாக எல்லை பிரிக்காத கூட்டு உரிமை) பங்குதாரர் பெயருக்கு எழுதிக்கொடுப்பது நேர்மையான வழி. வாடகை மிச்சம் 7.64 லட்சத்தில் உரிமையாளருக்கு எட்டில் ஏழு பங்கு, 6.68 லட்சம் வரும். அவருடைய பழைய வருமானம் குறையவில்லை. பத்து வருடத்தில் கடன் முடிந்ததும் இது பத்து லட்சத்தைத் தாண்டும். பங்குதாரருக்கு ஆரம்பத்தில் வாடகையாக வருடத்துக்கு ஒரு லட்சம்கூட வராது. ஆனால் விற்கக்கூடிய ஒரு வீடு கையில் இருக்கிறது. 44 லட்சத்துக்கு மாதாமாதம் நல்ல வருமானம் எதிர்பார்க்கிறவருக்கு இது சரிப்படாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பங்கைப் பத்திரத்தில் எப்படிக் காட்டுவது?

மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன.

முதல் வழி, பிரிபடாத பாகத்தைக் கிரயப் பத்திரமாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 2 சதவீதம். 44 லட்சத்துக்குச் சுமார் 3.96 லட்சம் செலவு; மேலே போட்ட 69 லட்சத்தில் இது சேரவில்லை. அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இதைவிட அதிகமாக இருந்தால் அதன்மேல் கணக்கிடுவார்கள். செலவு அதிகம்தான், ஆனால் பாதுகாப்பும் இதில்தான் அதிகம். நோட்டரி கையெழுத்துப் போட்ட இருபது ரூபாய் முத்திரைத்தாளில் "இடத்தில் எட்டில் ஒரு பங்கு உண்டு" என்று எழுதி வாங்கினால் உரிமை மாறாது.

இரண்டாவது, பணத்தைக் கடனாகக் கொடுத்துவிட்டு அடமானத்தைப் பதிவது. ஐந்து வருடத்தில் வெளியேற நினைப்பவருக்கு இது ஏற்றது. வங்கிக் கடனும் எடுத்தால் முதல் அடமானம் வங்கிக்குத்தான். உங்களுடையது இரண்டாவது, அதற்கும் வங்கியின் சம்மதம் வேண்டும்.

மூன்றாவது, கூட்டு நிறுவனமோ எல்எல்பியோ (பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனம்) தொடங்கிக் கட்டடத்தை அதற்குள் கொண்டுவருவது. கேட்க அழகாக இருக்கும். ஆனால் உரிமையாளர் தன் சொத்தை மூலதனமாக நிறுவனத்துக்குள் கொண்டுவரும்போது, கணக்கில் எழுதும் மதிப்பை வைத்து அவருக்கு மூலதன ஆதாய வரி வந்துவிடும். அதன்பின் வாடகைக்கு நிறுவனம் 30 சதவீதமும் செஸ்ஸும் கட்ட வேண்டும். எட்டு போர்ஷன் கட்டடத்துக்கு இது தேவையில்லை என்பது எங்கள் கருத்து. அதுவே நான்கைந்து கட்டடம், பத்துப் பேர் என்றால் எல்எல்பியைப் பற்றி யோசிக்கலாம்.

பணம் போடுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

தாய்ப்பத்திரம், குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, அனுமதி பெற்ற வரைபடம், சொத்து வரி ரசீது. கட்டடம் பரம்பரையாக வந்தது என்றால் வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொருவரின் கையெழுத்தும் வேண்டும். "அக்காவுக்குக் கல்யாணத்திலேயே செய்துவிட்டோம்" என்ற பேச்சு நீதிமன்றத்தில் நிற்காது. அவர் தன் பங்கை விட்டுக்கொடுத்து, பதிவுசெய்த விடுதலைப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும்.

வரைபடத்தையும் கட்டடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரைபடத்தில் இரண்டு பெரிய வீடு, தரையில் நான்கு போர்ஷன் என்பது சாதாரணமாகக் காணும் முரண்பாடு. அப்படி இருந்தால் ஒரு போர்ஷனைத் தனி வீடாக விற்கும்போது, வாங்குகிறவருக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம். மேலே சொன்ன எட்டில் ஒரு பாகக் கணக்கு இதனாலேயே ஆட்டம் காணும்.

வங்கிக் கடன் எந்த வகையில் கிடைக்கும்?

வீட்டுக் கடனாக எடுக்கலாம் என்று நினைத்து வருகிறவர்கள் அதிகம். உறவினர் அல்லாத நண்பர்கள் சேர்ந்து வீட்டுக் கடன் கேட்டால் பெரும்பாலான வங்கிகள் ஒத்துக்கொள்வதில்லை. கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளைகள், சில இடங்களில் சகோதரர்கள் என்றால்தான் பேசுவார்கள். ஆகவே இத்தகைய கட்டடத்துக்குக் கிடைப்பது சொத்தின் மேல் கடன். மதிப்பில் பாதியிலிருந்து 65 சதவீதம் வரை கொடுப்பது வழக்கம், ஆனால் தொகையைத் தீர்மானிப்பது திருப்பிக் கட்டும் வருமானம். 70 வயது உரிமையாளர் தனியாகக் கேட்டால் தவணைக் காலம் சுருங்கிவிடும். சம்பளம் வாங்கும் மகனோ மகளோ இணைக் கடன்தாரராக வர வேண்டியிருக்கும்.

பிரிபடாத பாகம் பதிவானபின் கடன் கேட்டால் புதிய பங்குதாரரும் கையெழுத்துப் போட வேண்டும். முழுக் கடனுக்கும் அவரும் பொறுப்பு. முதலில் கடன், பிறகு கிரயம் என்றால் வங்கியின் தடையில்லாச் சான்று இல்லாமல் பாகத்தை எழுத முடியாது. இந்த வரிசையைத் தீர்மானிக்காமல் இரண்டு வேலையையும் ஒரே மாதத்தில் தொடங்கி இரண்டும் நின்றுபோவது உண்டு.

எங்கள் எடுத்துக்காட்டில் கூடுதல் வாடகை வருடத்துக்கு 6.72 லட்சம்; வேலைக்குச் செலவழித்த 54 லட்சத்துக்கு (45ம் எதிர்பாராத 9ம்) 12.4 சதவீதம். கடன் வட்டி 10. நடுவில் இருக்கும் இடைவெளி மிகச் சிறியது. இரண்டு போர்ஷன் மூன்று மாதம் காலியாக நின்றால் அந்த வருடம் இடைவெளியில் பெரும்பகுதி போய்விடும். மொத்தத் தேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடனாக எடுக்காதீர்கள்.

செலவு ஏன் எப்போதும் கூடுகிறது?

தளத்தின் அடியில் இருக்கும் கம்பியால். கடலோரக் காற்று ஒரு காரணம். அந்தக் காலத்தில் உப்பான போர்வெல் தண்ணீரில் கலவை போட்டது இன்னொரு காரணம். கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் கீழே உள்ள கான்கிரீட்டைத் தள்ளிப் பெயர்க்கும். மேலே பூச்சு இருப்பதால் வெளியே தெரிவது கம்பி வாக்கில் ஓடும் ஒரு மெல்லிய விரிசலும் பழுப்புக் கறையும் மட்டுமே. சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்று கேட்கும், பிடிப்பு விட்ட இடம் பொக்கென்று கேட்கும். எஸ்டிமேட்டில் 300 சதுர அடி என்று எழுதியது, கொத்தி இறக்கியபின் 600 ஆவது அசாதாரணம் இல்லை. பாத்ரூமின் தாழ்ந்த தளத்துக்கு அடியிலும், பால்கனி நீட்டலிலும் நிலைமை இன்னும் மோசமாக இருக்கும்.

இதைக் குறைக்க ஒப்பந்தம் போடும் முன்பே சோதனைக்குச் செலவழியுங்கள். ஒவ்வொரு தளத்திலும் நான்கைந்து இடத்தில் பூச்சை எடுத்து, புதிதாக உடைத்த கான்கிரீட்டில் பினாப்தலீன் கரைசலைத் தெளிக்கச் சொல்லுங்கள். இளஞ்சிவப்பாக மாறினால் காரத்தன்மை மிச்சம் இருக்கிறது, கம்பிக்கு அந்தக் காப்பு உண்டு. நிறம் மாறாத பகுதி கம்பி வரை இறங்கியிருந்தால் காப்பு போய்விட்டது. உப்பால் வரும் துரு இந்தச் சோதனையில் தெரியாது; அதற்குக் கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ஹாஃப் செல் அளவீடு வேண்டும். மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டிப் போன இடங்களில் துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு.

சரிசெய்யும்போது கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி எடுத்து, துருவை முழுதும் தேய்த்து, துத்தநாகப் பூச்சு அடித்து, பிறகு பாலிமர் கலவையோ மைக்ரோ கான்கிரீட்டோ போட வேண்டும். கம்பியின் முன்பக்கத்தை மட்டும் சுத்தம் செய்து பூசிவிட்டால் இரண்டு மூன்று மழைக்காலத்தில் அதே இடம் மறுபடி பெயரும்.

செலவு கூடினால் அந்தப் பணத்தை யார் போடுவது?

கூட்டு உடைவது இங்கேதான், முதல் தவணையில் இல்லை. முதல் தொகையை எல்லோரும் உற்சாகமாகக் கொடுப்பார்கள். ஐந்தாம் மாதம் இன்னும் நான்கு லட்சம் வேண்டும் என்னும்போது ஒருவர் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியிருப்பார். அவர் மேல் குற்றம் இல்லை; என்ன செய்வது என்று முன்பே எழுதாததுதான் குற்றம்.

எழுத வேண்டியது இவ்வளவு: ஒதுக்கிய 20 சதவீதத்தை எடுக்கவே இன்ஜினியரின் எழுத்துமூலக் குறிப்பும் பெரும்பான்மைச் சம்மதமும் தேவை. அதற்கும் மேல் போனால், பாகத்தின் விகிதத்தில் 15 நாளுக்குள் எல்லோரும் கட்ட வேண்டும். கட்ட முடியாதவரின் பங்கை மற்றவர் கட்டலாம். அது அவருக்குக் கொடுத்த கடனாகக் கருதப்படும், வருடத்துக்கு இத்தனை சதவீதம் தனிவட்டி, அவருடைய வாடகைப் பங்கிலிருந்து முதலில் கழியும். 12 முதல் 15 சதவீதம் வைத்தால் கட்ட முடிந்தவர் தட்டிக்கழிக்க மாட்டார்.

கட்டாதவரின் பாகத்தைக் குறைப்பது என்று எழுதுவார்கள் சிலர். நிலத்தில் பாகம் பதிவான பிறகு அதைக் குறைக்க இன்னொரு பத்திரம், இன்னொரு முறை முத்திரைத் தீர்வை, அவருடைய கையெழுத்து எல்லாம் வேண்டும். சண்டையில் இருப்பவர் கையெழுத்துப் போட வரமாட்டார். கடன் முறையே நடைமுறையில் நிற்கிறது. எல்எல்பி என்றால் மட்டும் ஒப்பந்தத்தைத் திருத்திப் பங்கைக் குறைப்பது எளிது.

குடியிருப்பவர்களைக் காலி செய்யாமல் வேலை செய்ய முடியுமா?

ஒரேயடியாக முடியாது, பகுதி பகுதியாக முடியும். மாடி முழுவதும் முதலில், கீழ்த்தளம் பிறகு என்று பிரிக்காதீர்கள். கழிவுக் குழாயும் தண்ணீர்க் குழாயும் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. மேல் வீட்டையும் அதற்கு நேர் கீழே உள்ள வீட்டையும் ஒரு ஜோடியாக எடுக்க வேண்டும். எட்டு போர்ஷன் என்றால் நான்கு கட்டம். வேலை ஏழு மாதத்துக்குப் பதில் ஒரு வருடம் ஆகும், காண்ட்ராக்டரும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார். ஆனால் வாடகை இழப்பு 4.48 லட்சத்திலிருந்து 1.92 லட்சமாகும்; கைவசம் இருக்க வேண்டிய அட்வான்ஸ் பணம் இரண்டு வீட்டுக்கு 1.60 லட்சம். பணம் தீர்ந்தால் ஒரு கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளவும் முடியும். தளம் முட்டுக் கொடுக்க வேண்டிய அளவுக்குக் கெட்டிருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள், மொத்தமாகக் காலி செய்யுங்கள்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, காலி செய்யாமல் செய்ய முடியாத பழுதுவேலை என்பது வெளியேற்றக் கோருவதற்கு ஒரு காரணம்; ஆனால் வாடகை நீதிமன்றம் வழியாகத்தான். தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி நெருக்குவது சட்டப்படி தவறு, வழக்கையும் கெடுக்கும்.

காண்ட்ராக்டருக்குப் பணம் கொடுக்கும் முறை?

தளப் பழுதுக்கு மொத்தத் தொகை பேசாதீர்கள்; சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, பூச்சு மூடும் முன் அளந்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட அளவுப் புத்தகத்தில் எழுதி, போட்டோ எடுத்து வையுங்கள். பைப், வயரிங், பாத்ரூமுக்கு மொத்தத் தொகை பரவாயில்லை. முன்பணம் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். டைல்ஸ் போடும் முன் பாத்ரூம் தரையில் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிவைத்துக் கீழ் வீட்டுக் கூரையைப் பாருங்கள். அந்தச் சோதனை முடியாமல் அந்தக் கட்டத்துக்கான பணம் போகக் கூடாது. ஒவ்வொரு பில்லிலும் 5 முதல் 10 சதவீதம் பிடித்துவைத்து, வடகிழக்குப் பருவமழை ஒன்று முழுதாகக் கடந்தபின் கொடுங்கள். வேலையாட்களுக்கு விபத்துக் காப்பீடு எடுத்ததற்கான பாலிசி நகலைக் கையில் வாங்காமல் சாரம் கட்ட விடாதீர்கள்.

பணம் முழுவதும் தனி வங்கிக் கணக்கில் இருக்கட்டும். இருவர் கையெழுத்து, மாதம் ஒருமுறை எல்லோருக்கும் கணக்கு விவரம்.

வரி?

பாகம் தெளிவாக எழுதியிருந்தால் ஒவ்வொருவரும் தன் பங்கு வாடகையைத் தன் கணக்கில் தனியாகக் காட்டலாம். கட்டிய சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதம் நிலைக் கழிவு. பழுதுபார்க்க எடுத்த கடனின் வட்டியும் கழியும். வட்டியால் நஷ்டம் வந்தால் புதிய வரி முறையில் அதைச் சம்பளத்தோடு ஈடுகட்ட முடியாது. பழைய முறையில் வருடத்துக்கு 2 லட்சம் வரை முடியும். பாகத்தை விற்கும் உரிமையாளருக்கு மூலதன ஆதாய வரி உண்டு, அதைத் திட்டத்தில் சேர்க்க மறக்காதீர்கள். காண்ட்ராக்டர் பில்லில் வரும் 18 சதவீத ஜிஎஸ்டியை எதிலும் ஈடுகட்ட முடியாது, ஏனென்றால் குடும்பங்கள் குடியிருக்கும் வாடகைக்கு ஜிஎஸ்டி விலக்கு. அது முழுக்கச் செலவுதான். கடனோ கிரய முன்பணமோ 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்கே சமமான அபராதம் வரலாம்.

சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பவர் சேரலாமா?

இந்தியக் குடியுரிமை உள்ளவர் என்றால் பாகத்தைத் தன் பெயரில் வாங்கலாம். பணம் வங்கி வழியாக, வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கிலிருந்து வர வேண்டும். அவருக்குரிய வாடகைக்குக் குடியிருப்பவர் சுமார் 31 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஏழு போர்ஷனின் வாடகை ஒப்பந்தத்தை உள்ளூரில் இருப்பவர் பெயரிலும், வெளிநாட்டில் இருப்பவருக்குரிய ஒன்றைத் தனி ஒப்பந்தத்திலும் வைத்தால் இந்தச் சிக்கல் ஒரு வீட்டோடு நிற்கும்.

வாட்ஸ்அப் குழுவில் போட்டு இருபது பேரிடம் சிறு தொகையாகத் திரட்டலாமா?

வேண்டாம். "12 சதவீதம் உறுதி" என்று சொல்லி வெளியாரிடம் பணம் திரட்டினால், முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019ஆம் வருடச் சட்டமும், முதலீட்டாளர் நலனுக்கான தமிழ்நாட்டின் 1997ஆம் வருடச் சட்டமும் உங்கள் மேல் பாயலாம். இரண்டிலும் சிறைத் தண்டனை உண்டு. நான்கு பேருக்குள், பெயர் பத்திரத்தில் ஏறுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் பாதியில் விலக நினைத்தால்?

பிரிபடாத பாகம் வைத்திருக்கும் எவரும் அதை விற்கலாம். பாகப்பிரிவினை வழக்கும் போடலாம். அதைத் தடுக்க முடியாது, நெறிப்படுத்தலாம். விலகுகிறவர் முதலில் மற்றவர்களுக்கு 60 நாள் அவகாசத்தோடு எழுத்தில் கேட்க வேண்டும். விலையை இரண்டு பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்கள் சொல்வதன் சராசரியாக வைக்கலாம். வேலை தொடங்கி மூன்று வருடம் வரை விற்பனை இல்லை என்றும் எழுதலாம். ஒருவர் இறந்தால் அவருடைய வாரிசுகளையும் இதே விதிகள் கட்டுப்படுத்தும் என்ற வரி கட்டாயம் வேண்டும். பழுதுவேலையின் ஒவ்வொரு பில்லையும் ஸ்கேன் செய்து எல்லோரிடமும் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள்: பின்னால் பாகத்தை விற்கும்போது மேம்பாட்டுச் செலவாகக் காட்டி ஆதாய வரியைக் குறைக்க அந்த பில்தான் ஆதாரம். அது காண்ட்ராக்டர் பெயரில் இல்லாமல் உரிமையாளர்களின் பெயரில் இருக்க வேண்டும்.